பார்த்தவர் சொல்ல வேண்டும்

சலவைக் கடையில் அவளை நேருக்கு நேர் கூப்பிடும் பெயர் டோக்கன் அக்கா. முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பெயர் கரண்ட் கட்.

முதல் பெயர் வேலையால் வந்தது. துவைக்க வரும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு விரல் அகலத் துணித்துண்டில் எண் எழுதி, காலரின் உள்பக்கமோ இடுப்புப் பட்டியிலோ ஒரு தையல் போட்டு வைப்பாள். அந்தத் துண்டு கழன்றால் கோட்டு ஒருவர் வீட்டுக்கும் கால்சட்டை இன்னொருவர் வீட்டுக்கும் போய்ச் சேரும். அவள் தைத்தது கழன்றதில்லை.

இரண்டாவது பெயர் நோயால் வந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள், சட்டென்று பேச்சு நிற்கும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். ஓரிரு நிமிஷத்தில் திரும்பி வருவாள். நடுவில் என்ன நடந்தது என்பது அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. கரண்ட் கட் என்று பெயர் வைத்தவனுக்கு மருத்துவம் தெரியாது. அங்கே நடப்பது மின்வெட்டு இல்லை. மூளையின் ஒரு மூலையில் அளவு மீறி ஓடும் மின்சாரம். விழுந்து கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று ஊர் நினைக்கிறது. விழாமல், சத்தம் போடாமல், உட்கார்ந்த இடத்திலேயே வந்து போகிற வலிப்பும் உண்டு. அதைச் சாபம் என்பார்கள், பேய் என்பார்கள், திமிர் என்றுகூடச் சொல்வார்கள். நோய் என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது.

தனக்கு வந்து போனதை அவள் தடயங்களை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள், பூட்டின வீட்டுக்குள் திருடன் வந்து போனதைக் கண்டுபிடிப்பது மாதிரி. ஒரே கோட்டில் இரண்டு டோக்கன் இருக்கும். ஆவி பறந்த டீ ஆறிப்போயிருக்கும். கடைவாயில் ஈரம் இருக்கும். எதிரே நிற்பவர்கள் சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் நிச்சயமான தடயம் அதுதான்.

நோய் வந்தது பள்ளியின் கடைசி வருஷத்தில். வீட்டில் மறைத்துத்தான் கல்யாணம் செய்துவைத்தார்கள். மாத்திரையைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்து அனுப்பினாள் அம்மா. "அவர் அசந்த நேரம் பாத்துப் போட்டுக்கோ." அவர் அசரவே இல்லை. மறைக்கச் சொன்னதால் மாத்திரை நின்றது, மாத்திரை நின்றதால் வலிப்பு வந்தது, வலிப்பு வந்ததால் மறைத்தது தெரிந்தது. வருஷம் முடிவதற்குள் தலையணையோடு திரும்பி வந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணன் வீட்டில் கொஞ்சகாலம் இருந்தாள். அண்ணன் மகள் வளர்ந்து பெரியவளாகி, பெண் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்ததும், யாரும் போகச் சொல்லாமலே தனி அறை பார்த்துக்கொண்டாள்.

மாடியில் ஒற்றை அறை. அடுப்பில் பாத்திரத்தின் கைப்பிடி எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கண்ணாடித் தம்ளர் கிடையாது. படுக்கை தரையோடு தரை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், யாராவது உள்ளே வந்து தூக்க வேண்டுமே. வருவதற்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. தாழ்ப்பாளை மட்டும் கழற்றி வைத்துவிட்டாள்.

மருந்துகள் மாறி மாறி வந்தன. ஒன்று ஈறை வீங்க வைத்தது. ஒன்று தலைமுடியைக் கொட்ட வைத்தது. ஒன்று பகலெல்லாம் தூங்க வைத்தது. வலிப்பைக் கொஞ்சம் குறைத்தன, நிறுத்தவில்லை. அப்படி இருக்கையில்தான் அரசு மருத்துவமனையில் நரம்பு டாக்டர் ஒரு நாள் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். அவளைவிட வயதில் சிறியவர், முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண்மணி.

"வலிப்பு இருக்கிறவங்கள்ல மூணு பேர்ல ஒருத்தருக்கு இருக்கிற மருந்து எதுவும் முழுசா கேக்கறதில்ல. நீங்க அந்த ஒருத்தர். அதுக்காகத்தான் புதுசு புதுசா தேடிக்கிட்டு இருக்காங்க. இப்ப ஒண்ணு வந்திருக்கு. இன்னும் பேர்கூட வைக்கல, நம்பர் மட்டுந்தான்."

நம்பர் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நம்பர்னா எனக்குப் பழக்கந்தான் டாக்டர்."

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு இதையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் புது மருந்து கிடையாது, வலிப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது மட்டும்தான். எண்ணிக்கை ஓர் அளவுக்கு மேல் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதுவும் நோயாளி எண்ணினால் போதாது.

"உங்க மாதிரி வலிப்புல உங்களுக்கே தெரியாம போறதுதான் அதிகம். அதனால பாத்தவங்க சொல்லணும். கூட இருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போடணும். வாராவாரம் எங்க நர்ஸ் அவருக்குப் போன் பண்ணிக் கேப்பாங்க. வீட்ல யார் இருக்காங்க?"

இந்த விதியை எழுதியவருக்கு வீட்டில் ஆள் இருந்திருக்கும். வலிப்பு நோயாளிக்கு வீட்டில் ஏன் ஆள் இல்லாமல் போகிறது என்று யோசிக்க அவருக்கு அவசியம் வந்திருக்காது. கட்டினவனும் பெற்றவர்களும் கூடப்பிறந்தவனும் ஒவ்வொருவராக விலக, கடைசியில் தனியாக நிற்கிறவரிடம்தான் கேட்கிறார்கள், உன்னோடு இருப்பவரைக் கூட்டிக்கொண்டு வா என்று.

"அண்ணன் இருக்கார்" என்றாள் அவள்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவில் காணாமல் போகாத ஒரு முழு நாள். காலையில் எழுந்த அதே ஆள் அறுபடாமல் சாயங்காலம் வரை இருந்து பார்க்க வேண்டும். அதற்காக ஒரு பொய் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அண்ணனும் தயங்கவில்லை. "கையெழுத்துதானே, கொண்டா" என்றார். தங்கை தன் வீட்டில் தன்னோடுதான் இருக்கிறாள் என்ற இடத்தில் போட்டுக் கொடுத்தார். அவளுக்குத் தெரிந்த வரைக்கும் எத்தனை தடவை வந்தது என்று அவரிடம் சொல்லிவிடுவாள், அவர் அதை நர்ஸிடம் சொல்லிவிடுவார். ஏற்பாடு அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை அவள் போனில் சொல்லும்போதும் "சரிம்மா, சரிம்மா, வெச்சிடறேன்" என்பார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் குழப்பம்.

"உங்களைச் சேர்க்க முடியாதுபோல இருக்கேம்மா. நீங்க சொல்றதுல வாராவாரம் வலிப்பு இருக்கு. அண்ணன் சொன்னதுல ஒண்ணுகூட இல்ல. முதல் வாரத்திலேருந்து கடைசி வரைக்கும், 'நல்லா இருக்கா, ஒரு குறையும் இல்ல'. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பாத்தவர் சொன்னதைத்தான் எடுத்துக்கணும்."

அவள் மருத்துவமனையிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். கூடத்தில் இல்லை, வாசல் ஓரமாக.

"ஏன்ணா அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது? நல்ல வார்த்தை சொன்னா குத்தமா?"

"இங்க நல்ல வார்த்தை கேக்கலண்ணா. உள்ளது என்னன்னு கேட்டாங்க."

அண்ணன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ உன் இடத்துல நின்னு பேசறே. ஞாயித்துக்கிழமை, சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேரும் கூடத்துல உக்காந்திருக்காங்க. அந்த நர்ஸ் பொண்ணு போன் பண்ணி 'இந்த வாரம் எத்தனை வலிப்பு சார்'னு கேக்கறா. நான் என்ன பண்ணட்டும்? அவங்க முன்னாடி விரல் விட்டு எண்ணிச் சொல்லட்டுமா?"

"மத்த வாரம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற வாரங்களில் கூடத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் இருபத்தைந்து வருஷமாகத் தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்லிப் பழகிய வாய் அது. பள்ளியில் சொன்னது, கல்யாணத் தரகரிடம் சொன்னது, அக்கம்பக்கத்தில் சொன்னது. உண்மையைச் சொன்னால் தங்கைக்கு நல்லது நடக்கும் என்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கக்கூடும் என்று அந்த வாய்க்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

"இன்னொரு தடவை சொல்றேன் கேளு" என்றார், குரலைத் தாழ்த்தி. "அதை விட்டுரு. வேற யாரையாவது பிடிச்சுச் சொல்ல வைக்கறேன்னு கிளம்பாதே. பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கட்டும்."

"நான்தான் உன் வீட்ல இல்லையேண்ணா."

அண்ணி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். தனியாக இருப்பதை, அண்ணன் ஒரு வலிப்பைக்கூட இந்தச் சில வருஷங்களில் பார்க்காததை. டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் இவள்மேல் இல்லை. விதி அச்சடித்த தாள்களை மேசைமேல் தட்டி, "தனியா இருக்கிறவங்களுக்கு மருந்து வேலை செய்யுமான்னு இவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு சொன்னார்: "வீட்டு ஆளா இருக்கணும்னு கட்டாயம் இல்லன்னு நான் எழுதிக் கேக்கறேன். பகல் முழுக்க உங்களைக் கண்ணால பாக்கிறவங்க ஒருத்தர் போதும். இன்னொரு தடவை எண்ண விடுவாங்க, அதோட சரி. இந்த மாசக் கடைசிக்குள்ள எண்ண ஆரம்பிச்சாகணும், அதுக்கப்புறம் புதுசா ஆள் எடுக்க மாட்டாங்க. யார் இருக்காங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? பகல் முழுக்க அவள் எதிரே நிற்கிற ஆள் ஒருவன்தான்.

அவன் இஸ்திரி போடுகிறவன். அவளுடைய மேசைக்கு எதிர்மேசை. முப்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத குறும்பு முகம். கரண்ட் கட் என்று பெயர் வைத்தவனும் அவன்தான், அது அவளுக்குத் தெரியும். யாரைப் பார்த்தாலும் அச்சு அசலாகச் செய்துகாட்டுவான். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சம்பளத்தைத் தள்ளிப்போடுவது, கறை போகவில்லை என்று சண்டைக்கு வரும் வக்கீல், துணியை முகர்ந்து பார்த்து வாங்கும் அம்மாள். வண்ணான்துறை ஆட்டம் என்று கடையில் அதற்குப் பெயர். சாப்பாட்டு வேளையில் பின்கட்டில் துவைக்கிறவர்கள் சுற்றி உட்கார, இவன் ஆடுவான்.

ஒருநாள் அவள் தூக்குச்சட்டியைக் கழுவப் போனபோது ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பைத்தியக்கார ஆள். வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டு, சட்டையில் இல்லாத பித்தானைத் தேடிக்கொண்டு. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, நின்று சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டதும் மற்றவர்கள் சிரிப்பு ஒரேயடியாக நின்றுவிட்டது. தன்னைக் கண்டு மரியாதைக்கு நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவனிடம் கேட்க அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, கோட்டுக் காலரில் ஊசி குத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"தம்பி, எனக்கு வர்றதை நீ பாத்திருக்கேல்ல?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "என்ன வர்றது?"

"அதான். நீ பேர் வெச்சியே, அது."

ஆவி புஸ்ஸென்று போனது. அவன் காது சிவந்துவிட்டது. "அக்கா, அது சும்மா..."

"பேரை விடு. ஒரு டாக்டர்கிட்ட வந்து நீ பாத்ததைச் சொல்லணும். கூட்டாம, குறைக்காம. வருவியா?"

"என்னைப் போய் கூப்பிடறீங்க? சொந்தக்காரங்க யாரும்..."

"சொந்தக்காரங்க சொல்லியாச்சு. நான் நல்லா இருக்கேனாம்."

அவன் அரைநாள் விடுப்புக் கேட்டான். முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்து, சம்பளம் கிடையாது என்ற நிபந்தனையில் கொடுத்தார்.

டாக்டர் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவனுக்கு அவ்வளவு வியர்க்கும் என்று அவள் நினைத்ததில்லை, கொதிக்கிற ஆவியில் நின்று பழகியவன்.

"எப்படி ஆரம்பிக்கும், சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"அது வந்து டாக்டர்... ஒரு மாதிரி ஆயிடுவாங்க."

"எந்த மாதிரி?"

அவன் அவளைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தான். "வாயில சொன்னா வராது டாக்டர். செஞ்சுதான் காட்டணும். அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"இங்கயே செய்" என்றாள் அவள்.

அவன் எழுந்து நின்றான். பின்கட்டில் ஆடும்போது முதலில் ஒரு கண் சிமிட்டுவான், அது இல்லை. பேசிக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்றான். கண் எங்கோ வெறித்தது. வாய் மெல்ல ஆரம்பித்தது, ஒன்றும் இல்லாமலே. வலது கை விறைத்து இடுப்போடு ஒட்டிக்கொண்டது. இடது கை மார்பில் ஏறி, சட்டையில் இல்லாத பித்தானைத் தேடியது, கிள்ளியது, திருகியது. டாக்டர் எழுதவில்லை, பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் உடம்பு தளர்ந்தது. இடது கையாலேயே மூக்கைத் துடைத்தான். மேசைமேல் இருந்த கைக்குட்டையை எடுத்து, அதையே பார்த்து, தூக்கத்திலிருந்து வருகிற குரலில் கேட்டான்:

"இது யாரோடது?"

அந்தக் குரல் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பைத்தியக்கார ஆள் யார் என்றும் தெரிந்தது.

"கடைசியில எப்பவும் இதைத்தான் கேப்பாங்களா?" என்றார் டாக்டர்.

"எப்பவும் டாக்டர். கையில எந்தத் துணி இருந்தாலும்."

"மூக்கைத் துடைக்கிறது இடது கையா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"அது மாறினதே இல்ல டாக்டர்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். வலிப்பு மூளையில் எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க இதுகூட உதவும் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவள் காதில் அது விழவில்லை.

திரும்பும்போது பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில் இருவரும் நிழலுக்காக ஒரு கம்பத்தை ஒட்டி நின்றார்கள். நிழல் ஓர் ஆளுக்குத்தான் இருந்தது. அவன் வெயிலில் நின்றான்.

"நான்கூடச் சிரிச்சேனே தம்பி" என்றாள்.

"ஆமாக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கப்புறம் அதைச் செய்யறதில்ல. அவங்க கேப்பாங்க, செய்யமாட்டேன்."

"மத்ததெல்லாம் செய்யறே."

"முதலாளியைச் செய்யாம இருக்க முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை. கொஞ்சம் கழித்து அவனே சொன்னான்: "உங்களுக்கு வரும்போது நான் இஸ்திரிப் பெட்டியை மேல தூக்கி வெச்சிடுவேன். ஒரு தடவை கையை வைக்கப் பாத்தீங்க. அதுலேருந்து கண்ணு தானா அந்தப் பக்கமே இருக்கும்." பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்பதற்கு மன்னிப்பு மாதிரியும் இல்லை. பேருந்து வந்தது.

அனுமதி வந்தது. மறுபடி இரண்டு மாதம் எண்ணினார்கள். வாரம் ஒருமுறை நர்ஸ் கூப்பிடும்போது அவன் போனோடு பின்சந்துக்குப் போவான், வந்து மேசையில் நின்று ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடர்வான். எத்தனை என்று அவள் கேட்கவில்லை. எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும் என்று தன் நோயிடமே வேண்டிக்கொள்கிற நிலைமையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் அண்ணன் போன் செய்தார். "அந்த நர்ஸ் இப்பல்லாம் கூப்பிடறதில்லையே. விட்டுட்டாங்களா?"

"விடல. வேற ஆள் சொல்றாங்க."

"யாரு?"

"கடையில இஸ்திரி போடறவர்."

அவர் கோபமில்லாமல் பேசினார். கோபப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். "சரி, உன் இஷ்டம். கல்யாணத்தன்னைக்கு நீ சிரமப்பட்டு வர வேண்டாம். கூட்டம், சத்தம், வெளிச்சம். உனக்கு ஒத்துக்காது. முடிஞ்சப்புறம் ஒருநாள் பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வர்றேன்."

"சரிண்ணா" என்றாள். அண்ணன் மகளுக்கென்று வாங்கி, ஓரத்தில் தன் கையாலேயே பூத்தையல் போட்டு வைத்திருந்த சேலை அலமாரியில் இருந்தது. அதைக் கடையின் விநியோகப் பையனிடம் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தாள். பிறகு அதை மடித்த மடிப்புக் கலையாமல் அங்கேயே வைத்தாள்.

கல்யாணம் நடந்த அதே வாரத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நர்ஸ் ஒரு வெள்ளை டப்பாவைக் கையில் கொடுத்தாள். அதன்மேல் மருந்தின் பெயர் இல்லை, நோயாளியின் பெயரும் இல்லை, எண் மட்டும் ஒட்டியிருந்தது. துணைக்கு வந்திருந்த இஸ்திரிக்காரன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது மருந்தா, மாவா சிஸ்டர்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது. முடிஞ்சப்புறந்தான் பிரிச்சுப் பார்ப்பாங்க."

"யாருக்குமே தெரியாததையா இத்தனை நாளா அலைஞ்சு வாங்கினோம்?"

அவளுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நிச்சயம் குணமாகும் என்று சத்தியம் செய்தவர்களை எல்லாம் அவள் பார்த்துவிட்டாள். தாயத்துக் கட்டினவர், எண்ணெய் கொடுத்தவர், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றவர். ஒருவர்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாது என்று வெட்கப்படாமல் சொல்லி, தெரிந்துகொள்ள உன் உதவி வேண்டும் என்று அவளைக் கேட்டவர்கள் இவர்கள்தான். இந்த டப்பாவில் இருப்பது மாவாகவே இருந்தாலும் நாளைக்கு வேறு யாரோ ஒருத்திக்கு, அவளும் தனியாகத்தான் இருப்பாள், சரியான மருந்து போய்ச் சேர இவளுடைய எண்ணிக்கை வேண்டும்.

சாயங்காலம் அறைக்கு வந்தாள். விளக்கைப் போட்டாள். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். கடையில் பகலெல்லாம் ஒரு ஜோடிக் கண் அவள்மேல் இருக்கும். இங்கே வலிப்பு வருவதைப் பார்க்க யாரும் இல்லை, இங்கே வருவது எந்தக் கணக்கிலும் சேராது. அதை டாக்டரிடமும் சொல்லிவிட்டாள்.

விழுங்குவதற்கு முன்னால் சுவர்க் கண்ணாடிக்கு எதிரே போய் நின்றாள். மருந்து உண்மையானதாக இருந்து, உண்மையாகவே வேலை செய்துவிட்டால், அந்த முகம் இனி வராது. கட்டினவன் பார்த்து ஓடின முகம். அண்ணன் கூடத்திலிருந்து மறைத்த முகம். துவைக்கிறவர்கள் பார்த்துச் சிரித்த முகம். அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள், சொந்தக்காரி ஒருத்திதான் பார்க்கவில்லை. போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

கண்ணை நிலைகுத்தினாள். வாயை மென்றாள். வலது கையை இடுப்போடு சேர்த்துக்கொண்டு, இடது கையால் மார்பில் இல்லாத பித்தானைத் தேடினாள். அவன் செய்த அளவுக்கு வரவில்லை. மறுபடி செய்தாள். மூக்கைத் துடைத்தாள். கண்ணாடியில் நின்றவள் பயங்கரமாக ஒன்றும் இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள், அவ்வளவுதான். இதற்கா ஓடினார்கள்.

"இது யாரோடது?" என்று அவள் அந்த முகத்தைக் கேட்டாள்.

பிறகு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.